கேரவனின் கன்வெர்ட்டர் பேட்டரியை எந்த அளவுக்கு ஏற்றுகிறது? மலைக்குளிரில் சோதித்தறியும் முழு முறை

கேரவன் வண்டியை இரவு முழுவதும் 230 வோல்ட் இணைப்பில் மாட்டி வைத்தோம். காலையில் கன்வெர்ட்டரின் பச்சை விளக்கும் எரிந்தது. ஆனாலும் மறுநாள் இரவு மின் இணைப்பு இல்லாத இடத்தில் நிறுத்தியபோது, பத்து மணிக்குள் விளக்குகள் மங்கித் தண்ணீர் பம்பு திணறத் தொடங்கிவிட்டது. இப்படி நேர்ந்தால் நீலகிரியில் முதலில் வரும் தீர்ப்பு 'பேட்டரி போய்விட்டது' என்பதுதான். அந்தத் தீர்ப்பை நம்பி மேட்டுப்பாளையத்திலிருந்து இரண்டு புதிய பேட்டரிகளைக் கோத்தகிரிக்குத் தூக்கி வந்து மாட்டியவன் நான். மூன்றாம் மாதமே பழைய தொல்லை திரும்பி வந்தது. பிறகுதான் மீட்டரும் நோட்டுப் புத்தகமுமாக உட்கார்ந்து அளந்தேன். பேட்டரியில் குறை இல்லை. ஒல்லியான கேபிளும், குளிரைக் கணக்கில் எடுக்காத ஏற்ற வோல்ட்டும் சேர்ந்து அதை ஒருபோதும் நிறையவிடாமல் வைத்திருந்தன.

பச்சை விளக்கு எரிகிறது என்றால் கன்வெர்ட்டருக்கு மின்சாரம் வருகிறது என்று மட்டுமே பொருள். பேட்டரி ஏறுகிறதா என்பதை அறிய மூன்று எண்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்: பேட்டரியின் முனையில் உள்ள வோல்ட், அதற்குள் போகும் ஆம்பியர், பேட்டரியின் வெப்பநிலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டு தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும். மலையில் பெரும்பாலும் விட்டுப்போவது மூன்றாவது எண்.

கன்வெர்ட்டர் என்று இங்கே சொல்வது எதை?

வீட்டில் நாம் இன்வெர்ட்டர் என்று அழைக்கும் பெட்டி, மின்சாரம் இருக்கும்போது பேட்டரியை ஏற்றும். மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் எடுத்துக் கொடுக்கும். கேரவனில் உள்ள கன்வெர்ட்டர் முதல் வேலையை மட்டும் செய்கிறது. வெளியிலிருந்து வரும் ஏ.சி.யை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றி, வண்டியின் விளக்கு, பம்பு, மின்விசிறி ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டு, மீதமுள்ளதைப் பேட்டரிக்கு அனுப்புகிறது. 'மீதமுள்ளது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெட்டியின் மேல் 40 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது மொத்த வெளியீடு. விளக்கும் விசிறியும் 8 ஆம்பியர் எடுத்தால், பேட்டரிக்கு அதிகபட்சம் 32 ஆம்பியர்தான் போகும். கீழே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவை வீட்டு இன்வெர்ட்டருக்கும் பொருந்தும்; அதன் ஏற்ற ஆம்பியர் இதைவிடக் குறைவாக இருக்கும், அவ்வளவே.

கன்வெர்ட்டர்களில் இரண்டு இனம் உண்டு. பழைய வகை ஒரே வோல்ட்டில், ஏறத்தாழ 13.6 வோல்ட்டில், நின்றுகொண்டிருக்கும். புதிய வகை மூன்று நிலைகளில் இயங்கும்: காலியான பேட்டரியைக் கண்டால் 14.4 வோல்ட் வரை ஏற்றும், பிறகு 13.6க்கு இறங்கும், நீண்ட நேரம் பயன்பாடு இல்லாவிட்டால் 13.2க்கு இறங்கிக் காத்திருக்கும். உங்களுடையது எது என்பதைக் கையேட்டைப் பார்த்து முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 13.6 மட்டுமே தரக்கூடிய பெட்டியில் 14.4ஐத் தேடுவது வீண் வேலை.

கருவிகள்

டி.சி. ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் இதில் முக்கியமானது. எலெக்ட்ரீஷியன்கள் இடுப்பில் மாட்டியிருக்கும் மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பல, ஏ.சி. ஆம்பியரை மட்டுமே அளப்பவை. பேட்டரிக் கேபிளில் மாட்டினால் பூச்சியம் காட்டும், நாமும் 'ஏற்றமே இல்லை' என்று முடிவு கட்டிவிடுவோம். வாங்கும்போது டி.சி. ஆம்பியர் உண்டா என்று கேட்டு வாங்க வேண்டும். பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும், கேபிளில் மாட்டுவதற்கு முன் பூச்சியப் பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் சுற்றியுள்ள இரும்பின் காந்தத்தால் ஓரிரு ஆம்பியர் பொய்யாகத் தெரியும்.

இது தவிர, இரண்டு தசம இடங்கள் காட்டும் மல்ட்டிமீட்டர், வெப்பமானி, தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர், ஹெட்லைட்டில் போடும் 12 வோல்ட் ஆலசன் பல்பு இரண்டு, கடிகாரம், நோட்டு. கிளாம்ப் மீட்டர் தவிர மற்றவை எல்லாம் ஊட்டி, குன்னூர்க் கடைத்தெருவில் கிடைக்கும்.

தொடங்கும் முன்

கையிலுள்ள மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் ஸ்பேனரும் மோதிரமும் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டால், விரலோடு சேர்ந்து பழுக்கக் காய்ந்துவிடும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது நல்லது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். கன்வெர்ட்டரின் மூடியைத் திறந்து உள்ளே அளக்கும் வேலை இந்த வழிகாட்டியில் இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

குளிரூரில் இன்னொரு கவலையும் உண்டு. குளிருக்குப் பயந்து கதவு, ஜன்னல், பேட்டரிப் பெட்டியின் காற்றுத் துளை எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஏற்றத்தின் கடைசிக் கட்டத்தில் ஈயப் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். சோதனை நடக்கும் நேரம் முழுவதும் அந்தத் துளை திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் கரி அடுப்போ மெழுகுவர்த்தியோ கூடாது.

முதல் படி: பேட்டரியை விசாரித்தல்

கெட்டுப்போன பேட்டரியை வைத்துக்கொண்டு கன்வெர்ட்டரைச் சோதித்தால், குற்றம் யாருடையது என்று தெரியாது. எனவே ஒன்றுக்கு மேற்பட்ட பேட்டரிகள் இருந்தால், அவற்றைப் பிரித்து, நான்கைந்து மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு முழுவதும், எதனோடும் இணைக்காமல் விட்டு, ஒவ்வொன்றின் வோல்ட்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஏற்றத்திலிருந்து எடுத்தவுடன் அளக்கும் வோல்ட் மேலோட்டமான ஏற்றத்தால் உயர்ந்து காட்டும். அதை நம்பக் கூடாது. ஓய்ந்த நிலையில் ஈயப் பேட்டரி 12.6 முதல் 12.7 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு என்று தோராயமாகக் கொள்ளலாம். ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் ஒன்று 12.6ம் மற்றொன்று 10.6ம் காட்டினால், இரண்டாவதில் ஓர் அறை செத்துவிட்டது. அதை மாற்றாமல் மேலே போக வேண்டாம்.

தண்ணீர் ஊற்றும் வகையில் ஆறு அறைகளையும் ஹைட்ரோமீட்டரால் பார்க்க வேண்டும். அறைகளுக்குள் உள்ள வேறுபாடே இங்கு முக்கியம். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அது நோயாளி. அளவீட்டைக் குளிருக்கேற்பத் திருத்திக்கொள்ள மறக்கக் கூடாது. குளிர்ந்த ஆசிட் அடர்த்தியாக இருப்பதால், ஹைட்ரோமீட்டர் உண்மையைவிட உயர்த்திக் காட்டும்; ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.0007 என்ற கணக்கில், 27 டிகிரிக்குக் குறிக்கப்பட்ட கருவியை 10 டிகிரியில் பயன்படுத்தினால் 0.012 கழிக்க வேண்டும். 1.235 என்று மகிழ்ச்சியோடு பார்த்தது உண்மையில் 1.223தான். மாறாக, ஓய்ந்த வோல்ட் குளிரால் பொருட்படுத்தும் அளவுக்கு மாறுவதில்லை.

ஆசிட் மட்டம் தாழ்ந்திருந்தால் தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் பேட்டரி வாட்டர் ஊற்றுங்கள். மீதியை ஏற்றம் முடிந்த பிறகு நிரப்பிக்கொள்ளலாம். ஊற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது காய்ச்சி வடித்த நீர் ஆகாது. தேயிலைத் தோட்டத்து ஊற்றை நம்பிப் பேட்டரியைக் கெடுத்தவர்களை நான் அறிவேன்.

இரண்டாம் படி: தெரிந்த அளவுக்குக் காலியாக்குதல்

நிறைந்த பேட்டரியைக் காட்டினால் நல்ல கன்வெர்ட்டரும் ஓரிரு ஆம்பியரோடு நின்றுவிடும். கெட்ட கன்வெர்ட்டரும் அதையேதான் செய்யும். வேறுபாடு தெரிய வேண்டுமென்றால் பேட்டரிக்குப் பசி வேண்டும். பாதி அளவுக்குக் காலியாக்குவது போதும். ஈயப் பேட்டரியை அதற்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளைத் தின்னும்.

எங்கள் வண்டியில் 100 ஆம்பியர் மணி கொண்ட இரண்டு பேட்டரிகள் இணையாக இருக்கின்றன, மொத்தம் 200. அதிலிருந்து 100 எடுக்க வேண்டும். 55 வாட் ஆலசன் பல்பு ஒன்று ஏறத்தாழ 4.6 ஆம்பியர் எடுக்கும். இரண்டு பல்புகள் சேர்ந்து 9 ஆம்பியருக்குச் சற்று மேல். ஆக, பதினொரு மணி நேரம் எரியவிட்டால் 100 ஆம்பியர் மணி வெளியேறிவிடும். கிளாம்ப் மீட்டரால் உண்மையான ஆம்பியரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பல்புகள் கடுமையாகச் சுடும். பிளைவுட்டின் மீதோ மெத்தையின் மீதோ வைக்காமல், ஓடு அல்லது கல்லின் மேல் வைக்க வேண்டும். எரியும் நிலையில் பேட்டரி 11.8 வோல்ட்டுக்குக் கீழே விரைவில் இறங்கினால், அதன் கொள்ளளவு குறைந்துவிட்டது என்று பொருள். சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம். 5 டிகிரி குளிரில் நல்ல பேட்டரியும் தன் எழுத்துக் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குதான் தரும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை விடியற்காலையில் தொடங்கி மாலைக்குள் முடிப்பதே என் பழக்கம். கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருட்டிய பிறகு வீட்டு முற்றத்திலேயே காட்டெருமை வந்து நிற்கும். வெளிப்பெட்டியில் இருக்கும் பேட்டரியை அளக்க டார்ச்சோடு குனிந்து நிற்பது அறிவுடைமை ஆகாது.

மூன்றாம் படி: மற்ற ஏற்றங்களை நிறுத்துதல்

கூரையில் சோலார் பேனல் இருந்தால் அதைத் துண்டித்துவிடுங்கள். என்ஜினின் ஆல்ட்டர்னேட்டரிலிருந்து வரும் இணைப்பையும் அதன் ஃபியூஸைக் கழற்றித் தனிமைப்படுத்துங்கள். மலையேறி வந்து நிறுத்திய வண்டியில் பேட்டரி நிறைந்திருப்பதைப் பார்த்துக் கன்வெர்ட்டரைப் பாராட்டுபவர்கள் உண்டு. பர்லியாறு தாண்டி வளைவு வளைவாகத் தாழ்ந்த கியரில் ஏறும்போது என்ஜின் நல்ல சுழற்சியில் இருப்பதால், அந்தப் புகழ் ஆல்ட்டர்னேட்டருக்கே உரியது. விளக்கு, விசிறி, பம்பு எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் கணக்கு எளிதாகும்.

நான்காம் படி: 230 வோல்ட் பக்கம்

சாக்கெட்டில் மல்ட்டிமீட்டரை ஏ.சி. நிலையில் வைத்து அளந்து, கன்வெர்ட்டரை மாட்டிய பிறகு மீண்டும் அளக்க வேண்டும். மாட்டியதும் 10 வோல்ட்டுக்கு மேல் விழுந்தால், நீட்டிப்புக் கம்பியே குற்றவாளி. சுருளாகச் சுற்றிய நிலையில் பயன்படுத்தினால் சூடேறவும் செய்யும், எனவே முழுவதும் பிரித்துப் போட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் கீசரும் ஹீட்டரும் ஓடத் தொடங்கியதும் லைனின் கோடியில் உள்ள வீடுகளில் வோல்ட் சரிவது மலைவாசிகளுக்குப் புதிதல்ல. மின்னணுச் சுற்றுள்ள புதிய கன்வெர்ட்டர் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஒழுங்குபடுத்தும் சுற்று இல்லாத பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் தாங்காது. உள்ளே வருவது 230லிருந்து 190க்கு விழுந்தால், வெளியே போவதும் அதே விகிதத்தில் விழுந்து, 14.4 என்பது 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏற்றம் அத்தோடு நின்றுபோகும். அந்த வகையை வைத்திருப்பவர்கள் இரவு ஏழு மணிக்கு ஒருமுறையும் பகல் பதினொன்றுக்கு ஒருமுறையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: முதல் பத்து நிமிடங்கள்

கன்வெர்ட்டரைப் போட்டதும் மூன்று அளவுகளை எடுங்கள்: கன்வெர்ட்டரின் வெளியீட்டு முனையில் வோல்ட், பேட்டரி முனையில் வோல்ட், பேட்டரிக் கேபிளில் ஆம்பியர். கிளாம்ப் மீட்டரைப் பாசிட்டிவ் கேபிள் ஒன்றின் மேல் மட்டுமே மாட்ட வேண்டும். இரண்டு கேபிள்களையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று மற்றொன்றை அழித்துப் பூச்சியம் காட்டும்.

பாதி காலியான 200 ஆம்பியர் மணிப் பேட்டரிக்கு, 40 ஆம்பியர் கன்வெர்ட்டர் கிட்டத்தட்ட தன் முழு வெளியீட்டையும் கொடுக்க வேண்டும். கன்வெர்ட்டர் முனையில் 13.6 அல்லது 14.4 இருந்தும் பேட்டரி 12.2லேயே நின்று, ஆம்பியரும் பூச்சியம் என்றால், வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. முதலில் கன்வெர்ட்டரின் முகப்பிலுள்ள எதிர்முனைப் பாதுகாப்பு ஃபியூஸ்களைப் பாருங்கள். யாராவது ஒரு நொடி பேட்டரியைத் தலைகீழாக மாட்டியிருந்தாலும் அவை எரிந்திருக்கும். மாட்டியவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம். கன்வெர்ட்டர் முனையிலேயே பேட்டரியின் வோல்ட் மட்டும்தான் தெரிகிறது என்றால், ஏ.சி. பக்க பிரேக்கரையும் சாக்கெட்டையும் பார்த்துவிட்டு, அவை சரியென்றால் பெட்டியைப் பழுதுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

ஆறாம் படி: கேபிளில் தொலைந்துபோகும் வோல்ட்

ஐந்தாம் படியில் எடுத்த இரண்டு வோல்ட்டுகளுக்கும் உள்ள வேறுபாடுதான் கேபிள் விழுங்கும் வோல்ட். கன்வெர்ட்டர் வண்டியின் பின்பகுதியிலும் பேட்டரி முன்பகுதியிலும் இருந்து, ஒரு பக்கத்துக்கு 5 மீட்டர் கேபிள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போக வர 10 மீட்டர். அதில் 40 ஆம்பியர் ஓடும்போது, 6 ஸ்கொயர் எம்.எம். செம்புக் கேபிள் ஏறத்தாழ 1.3 வோல்ட்டை விழுங்கிவிடும். 16 என்றால் 0.48, 25 என்றால் 0.31, 35 என்றால் 0.22.

1.3 வோல்ட் என்பது சின்ன இழப்பாகத் தோன்றலாம். கன்வெர்ட்டர் தன் வாசலில் உள்ள வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது. பேட்டரியின் வோல்ட் அதற்குத் தெரியாது. பேட்டரி 13.1ஐ எட்டும்போதே கன்வெர்ட்டரின் வாசலில் 14.4 வந்துவிடும். உடனே அது, 'பேட்டரி நிறைய ஆரம்பித்துவிட்டது' என்று ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். முதல் நிலைக்கு உள்ள நேர வரம்பு, பல பெட்டிகளில் 4 மணி நேரம், முடிந்ததும் 13.6க்கு இறங்கிவிடும். பேட்டரியோ முக்கால் வயிற்றோடு நிற்கும். என் வண்டியில் நடந்தது இதுதான். வண்டியைக் கட்டியவர் கேபிளில் மிச்சம் பிடித்திருந்தார். நான் அதற்கு இரண்டு பேட்டரி விலை கொடுத்தேன்.

இழப்பு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்கப் பிரித்து அளக்க வேண்டும். ஏற்றம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைக் கன்வெர்ட்டரின் பாசிட்டிவிலும் மற்றொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வைத்தால், பாசிட்டிவ் பாதையின் இழப்பு நேராகத் தெரியும். அதேபோல நெகட்டிவ் பக்கம். எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பையும், லக் (கேபிள் நுனியில் உள்ள உலோக வளையம்), ஃபியூஸ், சுவிட்ச், போல்ட் என்று, இரு புறமும் தொட்டு அளந்துகொண்டே வர வேண்டும். நல்ல இணைப்பு சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. 50 மில்லிவோல்ட்டைத் தாண்டும் இணைப்பைக் கழற்றிப் பார்க்காமல் விடக் கூடாது. புறங்கையை அருகில் கொண்டுபோனாலே சூடு தெரியும் லக்குகளும் உண்டு.

மூடுபனியும் ஈரமும் ஆண்டில் பாதி நாள் இருக்கும் ஊரில், நெகட்டிவ் பாதைக்குச் சேஸியின் இரும்பை நம்பியிருக்கும் வண்டிகளில் பெரும்பாலும் அந்தப் போல்ட்டுகளே குற்றவாளிகள். துருவைச் சுரண்டி, பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவால் கழுவி, நன்றாகக் காயவைத்து, இறுக்கிய பிறகு வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவுங்கள். தடவிய பிறகு இறுக்குவதைவிட அதுவே நல்லது. மொத்த இழப்பு முழு ஆம்பியரில் 0.3 வோல்ட்டுக்குள் வந்தால் திருப்தி அடையலாம். வராவிட்டால் கேபிளை மாற்றுங்கள், அல்லது கன்வெர்ட்டரைப் பேட்டரிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். இரண்டாவது வழி மலிவு.

ஏழாம் படி: குளிர்

ஈயப் பேட்டரிக்குச் சொல்லப்படும் 14.4, 13.6 போன்ற எண்கள் எல்லாம் 25 டிகிரியை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. வெப்பநிலை குறைந்தால் வேதிவினை மந்தமாகி, அதே ஏற்றத்துக்கு அதிக வோல்ட் தேவைப்படும். 12 வோல்ட் பேட்டரிக்கு ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் என்று கொள்ளலாம். தயாரிப்பாளரைப் பொறுத்து 18 முதல் 30 வரை மாறும். பேட்டரி 8 டிகிரியில் இருந்தால், 17 டிகிரி குறைவுக்கு 0.41 வோல்ட். அதாவது 14.4 தேவைப்பட்ட இடத்தில் 14.8 வேண்டும், 13.6 தேவைப்பட்ட இடத்தில் 14.0 வேண்டும். இதைத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: 8 டிகிரியில் 13.6 கொடுக்கும் கன்வெர்ட்டர், சமவெளியில் 13.2 கொடுப்பதற்குச் சமமான வேலையைத்தான் செய்கிறது. நிறைந்த பேட்டரியை நிறைந்தபடி வைத்திருக்க அது போதும். காலியானதை நிரப்பப் போதாது.

வெப்பமானியைக் காற்றில் பிடிக்காமல் பேட்டரியில் வைக்க வேண்டும். இருபது முப்பது கிலோ எடையுள்ள பொருள் மெதுவாகத்தான் குளிரும், மெதுவாகத்தான் சூடாகும். ஊட்டிக்கு அருகிலுள்ள தலைக்குந்தாவில் உறைபனி விழுந்த விடியலில் வெளிப்பெட்டியில் இருந்த பேட்டரி, காலை பத்து மணி வெயிலில் நாம் ஸ்வெட்டரைக் கழற்றும்போதும் குளிர்ந்தே கிடக்கும். தூரத்திலிருந்து அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் தவறாகக் காட்டும். பேட்டரியின் பக்கவாட்டில் கறுப்பு டேப் ஒட்டி, அதன் மேல் குறிவைக்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அதற்குள் வண்டி 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து 2,240 மீட்டரில் வந்து நிற்கிறது. கீழே கோடையில் 38 டிகிரி. அங்கே அதே பேட்டரிக்கு 14.1 போதும். குளிர்காலத்து ஊட்டிக்காக 14.8 என்று நிலையாக வைத்துவிட்டு மசினகுடிக்கோ கோவைக்கோ இறங்கினால், அளவுக்கு மீறிய ஏற்றத்தால் தண்ணீர் வற்றிப் பேட்டரி வெந்துபோகும். எனவே மலையேறி இறங்கும் வண்டிக்கு, பேட்டரி முனையில் ஒட்டும் வெப்ப உணரி உள்ள கன்வெர்ட்டர் ஆடம்பரம் அல்ல என்பது என் துணிபு. கொடைக்கானலுக்கும் இதே கணக்குதான். உணரி இல்லாத பெட்டியே உள்ளது என்றால், பேட்டரியை வண்டிக்குள், காற்றுக் குழாய் வெளியே போகும் மூடிய பெட்டியில் வைத்துக் குளிரைக் குறைக்கலாம். அல்லது ஏற்ற நேரத்தை நீட்டலாம். எப்படியாயினும் 15 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். வண்டியில் உள்ள மற்ற மின்னணுப் பொருள்களுக்கு அது ஆகாது.

எட்டாம் படி: மணிக்கணக்கான பதிவு

இனி பொறுமைதான் வேலை. நேரம், கன்வெர்ட்டர் வோல்ட், பேட்டரி வோல்ட், ஆம்பியர், பேட்டரி வெப்பநிலை என ஐந்து கட்டங்கள் போட்டு, முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு அரை மணிக்கு ஒருமுறையும் எழுதுங்கள்.

நல்ல கன்வெர்ட்டரும் நல்ல கேபிளும் இருந்தால், முதல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆம்பியர் பெரிதாக அசையாது. வோல்ட் மெல்ல ஏறும். பேட்டரி 80 விழுக்காட்டை நெருங்கும்போது வோல்ட் உச்சியைத் தொட்டு நிற்கும். அதிலிருந்து ஆம்பியர் படிப்படியாக இறங்கும். உச்ச வோல்ட்டில் நிற்கும்போதே ஆம்பியர் மொத்தக் கொள்ளளவில் 1 முதல் 2 விழுக்காட்டுக்கு, 200 ஆம்பியர் மணிக்கு 2 முதல் 4 ஆம்பியருக்கு, இறங்கினால் பேட்டரி நிறைந்துவிட்டது. 'உச்ச வோல்ட்டில்' என்பதை மறந்துவிட வேண்டாம். 13.2ல் 2 ஆம்பியர் போவதற்கும் 14.4ல் 2 ஆம்பியர் போவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஒவ்வொரு இடைவெளியின் சராசரி ஆம்பியரையும் மணியால் பெருக்கிக் கூட்டினால், திரும்ப உள்ளே போன அளவு கிடைக்கும். ஈயப் பேட்டரி கொடுத்த 100ஐத் திரும்ப வாங்க 110 முதல் 120 வரை கேட்கும். 75, 80 என்று வந்ததும் ஆம்பியர் அடங்கிவிட்டால், பச்சை விளக்கு என்ன சொன்னாலும் பேட்டரி நிறையவில்லை. மாறாக 140ஐத் தாண்டியும் ஆம்பியர் இறங்காமல், பேட்டரி கைக்குச் சூடாக இருந்தால், உள்ளே ஓர் அறை பழுதாகியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

முடிந்த பிறகு மீண்டும் ஓர் இரவு ஓய்வு, மீண்டும் வோல்ட், மீண்டும் ஹைட்ரோமீட்டர். முதல் படியில் எழுதிய எண்களோடு இவற்றை ஒப்பிட வேண்டும்.

ரிப்பிள்

டி.சி.யின் மேல் கலந்து வரும் ஏ.சி. அலையை ரிப்பிள் என்பார்கள். ஏற்றம் ஓடும்போது பேட்டரி முனையில் மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் நிலையில் வைத்துப் பாருங்கள். நல்ல கன்வெர்ட்டரில் சில பத்து மில்லிவோல்ட் மட்டுமே தெரியும், அரை வோல்ட்டைத் தாண்டினால் உள்ளேயுள்ள கெப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: மிக மலிவான மீட்டர்கள் ஏ.சி. நிலையில் டி.சி.யையும் சேர்த்துப் படித்து, முப்பது வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டிப் பயமுறுத்தும். முனைகளை மாற்றிவைத்ததும் அது பூச்சியமானால், கோளாறு மீட்டரில்.

லித்தியம் வைத்திருப்பவர்களுக்கு

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு மேலே சொன்ன குளிர்த் திருத்தம் வேண்டாம். வெப்ப உணரி அதற்கு வோல்ட்டை உயர்த்தினால் கெடுதலே. 14.2 முதல் 14.6 வரை போதும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதை ஏற்றக் கூடாது. உறைபனி இரவில் பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று ஏற்றத்தைத் துண்டித்துவிட்டால், கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது போலத் தோன்றும். பேட்டரி 5 டிகிரிக்கு மேல் சூடான பிறகு மறுபடி அளந்துவிட்டுப் பேசுங்கள். ஓய்ந்த வோல்ட்டை வைத்து இதன் நிரப்பைக் கணிக்க முடியாது. ஆம்பியர் மணிக் கணக்கு மட்டுமே உதவும்.

ஜெனரேட்டரில் ஏற்றுபவர்களுக்கு

40 ஆம்பியர், 14.4 வோல்ட் என்றால் வெளியே வருவது 576 வாட். இழப்பையும் சேர்த்தால் உள்ளே 680 வாட் தேவை. பவர் ஃபேக்டர் திருத்தம் (தேவைக்கு மேல் மின்னோட்டம் இழுக்காமல் தடுக்கும் சுற்று) இல்லாத கன்வெர்ட்டர் அதற்கு ஆயிரம் வோல்ட்-ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கடையில் 1 கே.வி.ஏ., அதாவது ஆயிரம் வோல்ட்-ஆம்பியர், என்று விற்கப்படும் ஜெனரேட்டர் சமவெளியிலேயே இதற்கு மூச்சுத்திணறும். மலைக்காற்று மெலிந்தது, ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் என்ஜினின் திறனில் ஏறத்தாழ 3 முதல் 3.5 விழுக்காடு குறைவதால், ஊட்டியில் அது முக்கால் ஜெனரேட்டர்தான். ஓவர்லோடு விளக்கு எரிந்து அணைந்து, கன்வெர்ட்டர் விட்டுவிட்டு ஏற்றுவதைப் பார்த்துக் கன்வெர்ட்டரைக் குறை கூறுவது அநியாயம். இந்தச் சோதனையை எப்போதும் வீட்டு இணைப்பில் முதலில் செய்து, பிறகு ஜெனரேட்டரில் ஒரு மணி நேரம் மட்டும் ஓட்டி ஆம்பியரை ஒப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஏற்றம் தொடங்கிய பத்தாம் நிமிடத்து ஆம்பியர், கேபிளின் வோல்ட் இழப்பு, நிறைந்தபோது இருந்த வோல்ட், அப்போது பேட்டரியின் வெப்பநிலை, தேதி ஆகிய ஐந்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அடுத்த மார்கழியில் விளக்கு மங்கினால், முழுச் சோதனையும் வேண்டியதில்லை. முதல் இரண்டு எண்களை மட்டும் மறுபடி அளந்தால், கேபிளா கன்வெர்ட்டரா பேட்டரியா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.